கல் இருந்த இடத்தில்தான் நின்றோம், அண்ணே

அன்புள்ள குமார் அண்ணனுக்கு,

இந்நேரத்தில் எழுதுகிறேன் என்று கோவித்துக்கொள்ளாதே. பத்து மணிக்கு மேல் கைப்பேசி அடித்தாலே "யாரு செத்தா?" என்று கேட்டுக்கொண்டே எடுப்பவன் நீ. யாரும் சாகவில்லை, அண்ணே. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து எனக்குத் தூக்கம் சரியாக இல்லை. கண்ணை மூடினால் இடது கை தானாக மேலே எழும்புகிறது.

இதை ஞாயிறு பத்திரிகைக்கு அனுப்பப்போகிறேன். மற்றவர்களும் படிப்பார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன், பொறுத்துக்கொள்.

போன வருஷம் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்த நீ எழுந்திருக்கவே இல்லை. உன் மஞ்சள் விமானத்தைக் குனோங் ராபாட்டில் இருக்கும் என் வீட்டுக்குக் கொண்டுவந்து, கூடத்தில் டிவிக்கு மேலே தொங்கவிட்டேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "ரிமோட் எங்க?" ரிமோட் கிடையாது என்று நானும் எல்லாருக்கும் சொல்லிவிட்டேன். றெக்கை நுனியிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் வரும். அவற்றின் மறுமுனையில் கைப்பிடி. நடுவில் நிற்பவர் அதை மேலும் கீழும் சாய்க்க, விமானம் அவரைச் சுற்றி வட்டமடித்து ஏறும், இறங்கும்.

அமுதாவிடம் நீ சொன்னது நினைவிருக்கிறதா? "எட்டு வயசாவட்டும். கைப்பிடிய உன் கையில தாரேன்." அவளுக்கு எட்டு வயதாகிவிட்டது. பிறந்தநாள் கேக்கை வெட்டிவிட்டு நிமிர்ந்து விமானத்தைப் பார்த்தாள். "மாமா இல்லன்னா, மாமா சொன்னதும் இல்லையாம்மா?" என்றாள்.

மறுநாளே அதை விட இடமும் ஆளும் தேட ஆரம்பித்தேன். ஈப்போவில் மாதிரி விமானம் விடுகிறவர்கள் ஒரு சங்கம் வைத்திருக்கிறார்கள். அழைத்தேன். ஒரு இளைஞர் பேசினார். "கம்பி கட்டியா? அக்கா, அது பட்டம்லா," என்று சிரித்தார். அவர்களிடம் எல்லாம் ரிமோட்டும் டிரோனும்தான். தைப்பிங்கில் ஒருவர் இன்னும் கம்பி விமானம் விடுகிறார் என்று கேள்விப்பட்டு அவரைப் பிடித்தேன். "இந்த ஞாயிறு மழ இல்லன்னா வாங்க," என்றார். பிறகு அவரே, "போன மாசமும் ஒருத்தர்கிட்ட இதத்தான் சொன்னேன்," என்றார். லூமுட்டில் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் விமானம் இருக்கிறது, பிடித்து விட ஆள் இல்லை. "ஆளு இருந்தா எனக்குச் சொல்லும்மா," என்று என்னிடமே கேட்டார்.

அப்போதுதான் உன் கூட்டாளி சேகர் அண்ணன், "எதுக்கு ஊரெல்லாம் அலையிற? நம்ம மச்சான் திடல் இருக்குல்ல," என்றார்.

உன்னை மச்சான் என்றே கூப்பிட்டு, நீ விட்ட விமானத்தையெல்லாம் பிடித்து நின்றவர் அவர். நீ இடது கையைத் தூக்கினால் விட்டுவிடுவார். இன்ஜின் போடுகிற சத்தத்தில் கத்தினாலும் காதில் விழாது என்பதால் உங்களுக்குள் அந்த ஒரே சைகை. கல்யாணத்துக்கு முன்னால் நானும் உங்களோடு வந்து சில ஞாயிறுகள் விட்டிருக்கிறேன் இல்லையா, அதனால் எனக்கும் அது பழக்கம். நீ போன பிறகு அவர் அந்தப் பக்கமே போகவில்லை. நானும்தான்.

ஞாயிறு காலை நான், அமுதா, சேகர் அண்ணன் மூன்று பேரும் காடியை எடுத்துக்கொண்டு போனோம். திடல் இருக்கும் பழைய ரப்பர் தோட்டத்தில் இப்போது சுற்றிலும் எண்ணெய் எடுக்கிற செம்பனை மரம்தான். பள்ளிக்கூடம் டவுனுக்கு மாறிவிட்டது, அதன் திடல் மட்டும் அப்படியே இருக்கிறது. பந்து விளையாடுகிற பையன்கள் புல்லை வெட்டியிருந்தார்கள். நாங்கள் உன் கல்லைத் தேடினோம். வட்டத்துக்கு நடுவில் எங்கே நிற்க வேண்டும் என்று நீ வெள்ளைச் சாயம் பூசிப் புதைத்து வைத்த கல். அமுதாதான் கண்டுபிடித்தாள். அதன் மேல் ஏறி நின்று, "மாமா இங்கதான் நிப்பாரா?" என்று கேட்டாள். சேகர் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அண்ணே, நாங்கள் எவ்வளவு கவனமாக இருந்தோம் தெரியுமா. வட்டம் முழுக்க நடந்து பள்ளம் பார்த்தோம். ஒரு பாட்டில் மூடியைக்கூடப் பொறுக்கிப் போட்டோம். கம்பியில் முறுக்கு இருக்கிறதா என்று பார்த்தோம். கைப்பிடியை மேலே சாய்த்தால் வால் மடல் மேலே போகிறதா என்று இரண்டு தரம் பார்த்தோம். நானோ, பிள்ளை மாடிப்படியில் ஓடினாலே கத்துகிறவள். கைப்பிடியின் வாரை அமுதாவின் மணிக்கட்டில் மாட்டினேன். அவள் முதுகை என் வயிற்றோடு அணைத்துக்கொண்டேன். அவள் கைக்கு மேல் என் கை.

எல்லாம் தரையைப் பார்த்தே செய்தோம்.

இன்ஜின் பிடித்துக்கொண்டது. கம்பியின் அந்த முனையில் சேகர் அண்ணன் விமானத்தைப் பிடித்துக் குந்தியிருந்தார், கண் என் இடது கைமேல். அமுதா தலையைப் பின்னால் சாய்த்து என் காதருகே கத்தினாள். "அம்மா, அந்த மைனா பயப்படாதா?"

"எந்த மைனா?"

"மேல. கம்பியில."

நிமிர்ந்தேன். செம்பனை மறைப்பில் இந்தப் பக்கம் ஒரு மின்கம்பம், அந்தப் பக்கம் ஒன்று. நடுவில், நம் வட்டத்தின் ஒரு பாதிக்கு மேலே, மின்கம்பிகள். அவற்றில் வரிசையாக மைனாக்கள். அண்ணே, நீ இருந்தபோது அங்கே எதுவும் கிடையாது. நீ போன பிறகு வந்திருக்கிறது. விமானம் ஒரு முறை ஏறி அந்தப் பக்கம் திரும்பியிருந்தால், அதன் எஃகுக் கம்பி அந்த மின்கம்பியில் பட்டிருக்கும். இந்த முனையில் என் பிள்ளையின் கை. அதன் மேல் என் கை. எஃகில் மின்சாரம் பாயும் என்று பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் படிவத்தில் படித்துப் பரீட்சை எழுதித் தேறியவள் நான்.

"மேல பாருங்கண்ணே," என்று அலறிக்கொண்டே கையைத் தூக்கிக் காட்டினேன்.

இடது கையை.

சேகர் அண்ணன் விட்டுவிட்டார். அவர் என்ன செய்வார், பாவம். அத்தனை வருஷம் பழகிய சைகை. விமானம் புல்லில் ஓட ஆரம்பித்தது. கைப்பிடியைப் போட முடியாது, வார் மணிக்கட்டில் இருக்கிறது. அமுதாவின் கையையும் சேர்த்து நான் அப்படியே கீழே அழுத்தினேன். வால் தூக்கிக்கொண்டு, மூக்கு புல்லில் குத்தி, உன் மஞ்சள் விமானம் குப்புற விழுந்தது. சத்தம் நின்றது. மைனாக்கள் எழுந்து பறந்தன.

சேகர் அண்ணன் ஓடி வந்தார். "என்னா தங்கச்சி, நீதான கை தூக்குன? தூக்கிட்டு எதுக்கு அடிக்கிற?"

மேலே காட்டினேன். அவர் பார்த்தார். பிறகு புல்லில் உட்கார்ந்து, "மச்சான் கல்லுலா," என்றார். "மச்சான் வெச்ச கல்லுன்னுதான நின்னோம்." அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

விசிறி உடைந்துவிட்டது. றெக்கை ஓரம் விரிசல். ஒட்டிவிடலாம் என்கிறார் சேகர் அண்ணன். அதற்காக நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்கப்போவதில்லை, நீயும் எதிர்பார்க்க மாட்டாய்.

எனக்குத் தாங்க முடியாதது வேறு. திரும்பி வரும்போது அமுதா காடியின் பின்சீட்டில் இருந்தாள். சிம்பாங் சந்திப்பில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது கேட்டாள். "மாமாவுக்குத் தெரியாதாம்மா, அங்க கரண்டு கம்பி இருக்குன்னு?"

"மாமா இருக்கும்போது அது இல்லடா."

"அப்ப எதுக்கு நம்மள அங்க நிக்கச் சொன்னாரு?"

"மாமா சொல்லல. நாமளாத்தான் போனோம்."

"கல்லு வெச்சிருந்தாருல்ல."

நீயாக இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்? அன்று மாலை அவள் விமானத்தைக் கூடத்தில் மாட்டவிடவில்லை. கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, மேலே போர்வையைப் போட்டு மூடினாள்.

என் வீட்டுக்காரரிடம், அதுதான் உன் மாப்பிள்ளையிடம், நடந்ததைச் சொன்னேன். சோறு பிசைந்த கையோடு தட்டைத் தள்ளி வைத்தார். "போதும் மீனா," என்றார். "அந்த பிளேன ஸ்டோர்ல வெச்சிரு. எனக்கு நீங்க ரெண்டு பேரும் வேணும்."

அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் இதோடு விட்டால், மாமா என்றாலே அவளுக்கு அந்தக் கம்பிதானே நினைவில் நிற்கும்? உன்னை அவளுக்கு ஏழு வருஷம்தான் தெரியும். அதில் பாதி அவளுக்கு இப்போதே மறந்துவிட்டது. மிச்சத்தையும் பயம் தின்றுவிட நான் விட மாட்டேன். இதையும் அவரிடம் சொன்னேன். கையைக் கழுவிக்கொண்டு வந்து, "எடம் நான் பாக்கணும். நான் பாத்து சரின்னாதான்," என்றார். அவரிடமிருந்து அது பெரிய சம்மதம், உனக்கே தெரியும்.

நேற்று சேகர் அண்ணனோடு மறுபடி அங்கே போனேன். உன்னை நினைத்து வேறு யாராவது அந்தக் கல்லில் வந்து நிற்கக் கூடாதே. மண்வெட்டி போட்டு அதை எடுத்துவிட்டோம். வெளியே தெரிந்தது கையளவு, உள்ளே இருந்தது அத்தனை பெரிது. இரண்டு பேர் சேர்ந்துதான் தூக்கினோம். அமுதாவும் வந்திருந்தாள், இறங்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டு உள்ளேயே இருந்தாள். கல்லைப் பின்னால் ஏற்றும்போது மட்டும் திரும்பிப் பார்த்து, "அத எங்க கொண்டு போறீங்க?" என்று கேட்டாள்.

"இன்னும் தெரியல," என்றேன்.

கல் இப்போது காடியில்தான் கிடக்கிறது, அண்ணே. பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பின்னால் இடிக்கிறது. உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி எந்தத் திடலுக்குப் போனாலும் முதலில் மேலே பார்ப்பேன், பிறகுதான் கீழே. அமுதாவையும் பார்க்க வைப்பேன். அவள் சரி என்று சொன்ன பிறகுதான் உன் கல்லை அங்கே வைப்பேன். மாமா நிற்கச் சொன்ன இடம் எது என்று அவளே முடிவு செய்யட்டும்.

இதை வாசிக்கும் பேராக் மாநிலத்து அண்ணன்மாரே, அக்காமாரே, உங்கள் பக்கத்தில் அப்படி ஒரு திடல் இருக்கிறதா? கம்பி விமானம் விடுகிறவர்கள் நாலு பேர் கூடுகிற இடம் தெரியுமா? தெரிந்தால் இந்தப் பத்திரிகைக்கு எழுதுங்கள், என்னிடம் சேரும். எழுதுமுன் ஒரு தரம் அங்கே போய் நின்று நிமிர்ந்து பாருங்கள். பார்த்துவிட்டுச் சீக்கிரம் பதில் போடுங்கள். பிள்ளை கட்டிலுக்கு அடியில் குனிந்து அந்த விமானத்தைப் பார்ப்பதை இன்னும் நிறுத்தவில்லை.

உன் தங்கச்சி,
அமுதாவின் அம்மா மீனா