நாலு டாக்டர் ஆஸ்பத்திரி

12.6.1998, வெள்ளி
முத்துகிருஷ்ணன் கிளினிக்குக்கே வந்துவிட்டான். என்னோடு படித்தவன், இப்போது கோவில்பட்டியில் பேர் எடுத்த சர்ஜன். எட்டயபுரம் ரோட்டில் ஆஸ்பத்திரி கட்டுகிறான். குழந்தை டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் பங்காளிகளாகச் சேர்ந்தாயிற்றாம்.
"ஆளாளுக்குத் தனிக்கடை போட்டு உட்கார்ந்தா மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்காரன் நோயாளி எல்லாரையும் அள்ளிட்டுப் போயிருவான்லே பெருமாளு. பொது வைத்தியத்துக்கு நீ வா. பிரசவத்துக்கு ஜெயப்பிரியா வரட்டும்" என்றான்.
அவன் கட்டிய இடத்தில் போய் நான் உட்காருவதா? முடியாது என்றேன். என் மனைவிக்கும் சேர்த்தே சொன்னேன்.

13.6.1998
ஜெயப்பிரியா முகம் கொடுத்துப் பேசவில்லை. "நானும் டாக்டர்தான? என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றாள். அவ்வளவுதான்.

2.9.1998
திறப்பு விழா. தீப்பெட்டி ஆபீஸ் முதலாளிகள் எல்லாரும் அங்கேதான். ஸ்கேன், லேப், மருந்துக்கடை, எல்லாம் ஒரே கூரைக்குள். நன்றாக இருக்கிறது என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னேன். கேசரியைத் தொடாமலே வைத்துவிட்டு வந்தேன்.

30.9.1998
நானும் சும்மா இல்லை. திருநெல்வேலியிலிருந்து ஒரு சர்ஜனை வரவழைத்து, ஊரெல்லாம் சுவரொட்டி ஒட்டினேன். காலை முழுக்கக் காத்திருந்தோம். ஒரே ஒருவர் வந்தார். "முத்துகிருஷ்ணன் டாக்டர்ட்ட காட்டிட்டேன் சார். அவிய சொன்னது சரிதானான்னு கேக்கத்தான் வந்தேன்" என்றார்.

17.11.1998
எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து வந்த பூங்கொடிக்கு நம் கிளினிக்கில் பிரசவம். அதன்பின் ரத்தம் நிற்கவில்லை. மயக்க மருந்து டாக்டருக்குப் போன் போட்டால், அவர் முத்துகிருஷ்ணன் ஆஸ்பத்திரியில். ஜெயப்பிரியா என்னைக் கேட்கவில்லை. பூங்கொடியைக் காரில் ஏற்றி அங்கேயே கொண்டுபோய்விட்டாள். முத்துகிருஷ்ணனும் அவளும் சேர்ந்து ஆபரேஷன் செய்தார்கள். பூங்கொடி பிழைத்துக்கொண்டாள்.
சந்தோஷம்தானே வந்திருக்க வேண்டும்? அதற்கு முன்னால் வேறொன்று வந்தது. அவன் இடத்தில், அவன் கையால் — சே, நான்லாம் என்ன மனுஷன்.
திரும்பும்போது ஜெயப்பிரியா கேட்டாள்: "அந்தப் பிள்ள பொழச்சிட்டா. உங்க மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?"

1.12.1998
ஜெயப்பிரியா அங்கே பங்காளியாகச் சேர்ந்துவிட்டாள். கேட்கவில்லை, சொன்னாள்.

21.1.1999
ஊரே அதை 'நாலு டாக்டர் ஆஸ்பத்திரி' என்கிறது. அந்த நாலில் ஒருத்தி என் மனைவி. இங்கே வருகிறவர்கள் "அம்மா இல்லையா?" என்று கேட்டுவிட்டு அப்படியே திரும்பிவிடுகிறார்கள்.

4.3.1999
வெட்கத்தை விட்டு முத்துகிருஷ்ணனிடம் போய், என்னையும் சேர்த்துக்கொள் என்று கேட்டேன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை, அதுவும் எரிச்சலாக இருந்தது. "எனக்குச் சம்மதம்லே. ஆனா நாலு பேரும் ஒத்துக்கிடணும். அதான் எங்க ஒப்பந்தம்" என்றான்.
நாலில் ஒன்று என் வீட்டில்தானே இருக்கிறது? தெம்பாகத் திரும்பினேன்.

9.3.1999
மூன்று பேர் சரி என்றார்களாம். "நாந்தான் வேண்டாம்னேன்" என்றாள், தட்டில் சோறு பிசைந்தபடி.
ஏன்ட்டி? ஏன்? கத்திட்டேன். வேலைக்காரி முன்னாலயே கத்திட்டேன்.
அவள் கத்தவில்லை. "அங்கன நான் டாக்டர். நீங்க வந்துட்டா மறுபடியும் டாக்டர் பெண்டாட்டி."

10.3.1999
அவளை அப்படியா வைத்திருந்தேன்?
ஆமாம்.

22.4.1999
புதூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கர்ப்பிணி வந்தாள். மூச்சு வாங்குகிறது என்றாள். நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டேன், இதய வால்வில் கோளாறு. அங்கே அனுப்பினேன். சீட்டில் 'டாக்டர் ஜெயப்பிரியா அவர்களுக்கு' என்று எழுதினேன். அவளுக்கு அப்படி நான் எழுதியதே இல்லை.
சாயங்காலம் ஜெயப்பிரியாவிடமிருந்து போன் வந்தது. "நல்லவேள, நேரத்துல கண்டுபிடிச்சீங்க. இதயத்துக்கு மாத்திரைய நீங்களே எழுதுங்க, பிரசவத்த நாங்க பாத்துக்கிடுதோம்" என்றாள். பின்னால் முத்துகிருஷ்ணன் எதற்கோ சிரிக்கும் சத்தம். 'நாங்க' என்ற சொல் சுருக்கென்று குத்தியது.
போனை வைக்கவில்லை. என்ன மாத்திரை கொடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம்.