இடது கால் ஸ்கீ

போன சனிக்கிழமை பேத்தியைக் கூட்டிக்கொண்டு, பனியில் சறுக்கும் ஸ்கீப் பலகைகளை வாடகைக்குக் கொடுக்கும் கடை ஒன்றுக்குப் போனேன். அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் ஒரு கிழமை மலைக்குப் போகிறார்கள். கடைக்குள் கால் வைத்ததும் அந்த மணம் வந்தது. ஸ்கீயின் அடியில் பூசுவதற்காக மெழுகை உருக்கும் மணம். கடைப் பெடியன் பேத்திக்கு முன்னால் முழந்தாளிட்டு இருந்து, நிறை எவ்வளவு, சப்பாத்து என்ன அளவு, முன்பு ஓடிப் பழக்கமா என்று கேட்டான். "இல்லை, இதுதான் முதல்தரம்" என்று அவள் பளிச்சென்று சொன்னாள். அவன் ஸ்கீயில் ஒரு சின்னத் திருகாணியைத் தளர்த்திவிட்டான். அவ்வளவுதான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து வாகனங்கள் நிற்கும் இடத்தில் நின்றேன்.

"அம்மப்பா, உங்களுக்கு என்ன செய்யுது?" என்று பின்னாலே வந்து கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். உன்னை அவளுக்குத் தெரியாது, மச்சான்.

எண்பத்தாறாம் ஆண்டுக் குளிர்காலம். ஜெர்மனியின் சவர்லாண்ட் மலையில் ஒரு பழைய விடுதியை அகதிகளுக்கென்று எடுத்திருந்தார்கள். மேல்மாடி அறையில் நாங்கள் நாலு பேர். வேலை செய்யத் தடை, மாவட்ட எல்லையைத் தாண்டத் தடை. யன்னலுக்கு நேரே சறுக்கு மலை. விடிந்தால் பொழுதுபடும்வரை சனங்கள் சிவப்பும் மஞ்சளுமாக வழுக்கி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்போம். "இவை எப்ப மச்சான் வேலைக்குப் போறவை?" என்று நீ கேட்பாய். பருத்தித்துறை மினி பஸ்ஸில் கொண்டக்டராக ஓடித் திரிந்தவன் நீ. சும்மா இருப்பது உனக்குத்தான் எங்கள் எல்லோரையும்விடப் பெரிய தண்டனையாக இருந்தது.

ஃப்ராவ் லிண்டேயை நினைவிருக்கிறதா? தேவாலய மண்டபத்தில் எங்களுக்கு ஜெர்மன் சொல்லித்தந்த மனுஷி. பிஸ்கட் தட்டை முதலில் உன் பக்கம்தான் தள்ளுவார். "எந்த நேரமும் மலையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள். ஒருநாள் ஏறித்தான் பாருங்களேன்" என்றார். ஊரில் இருந்த வாடகைக் கடைக்காரரோடு பேசி ஒழுங்கும் செய்துவிட்டார்.

கடைக்காரர் உன்னிடம் நிறைய நிறையக் கேட்டார். நீ எல்லாவற்றுக்கும் "யா, யா" என்று தலையாட்டினாய். பின்னால் நின்ற எனக்கும் பாதிக்குமேல் விளங்கவில்லை. வந்த நாளிலிருந்து நாங்கள் கற்றுக்கொண்டிருந்தது அப்படித் தலையாட்டுவதைத்தான். இல்லை என்றால் திரும்பக் கேட்பார்கள், குரல் உயரும், இன்னொருவரைக் கூப்பிடுவார்கள். ஓம் என்றால் வேலை முடிந்தது. ஓடத் தெரியுமா என்று அவர் கேட்டதற்கும் நீ ஓம் என்றாய். அவர் எழுதிக்கொண்டார். பிறகு, சப்பாத்தை ஸ்கீயோடு பிடித்துவைக்கும் இரும்புப் பூட்டை அதற்கேற்றபடி இறுக்கினார்.

நான் இரண்டு மூன்று தரம் விழுந்து, போதுமென்று பனியில் இருந்துவிட்டேன். நீ விடவில்லை. விழுந்தாய், சிரித்தாய், எழும்பினாய். மத்தியானத்துக்குப் பிறகு கொஞ்சம் உயரத்துக்குப் போய், அங்கிருந்து கையை விரித்தபடி, "ரைட், ரைட், போகட்டும்!" என்று கத்திக்கொண்டு வந்தாய். ஜெர்மன்காரப் பிள்ளைகள் விலகி நின்று கைதட்டினார்கள். ஊரை விட்டு வந்தபின் உன் முகத்தை அப்படி நான் பார்த்ததேயில்லை.

பிறகு நீ புரண்டாய். வலது கால் ஸ்கீ கழன்று தன்பாட்டில் கீழே ஓடியது. இடது கால் ஸ்கீ கழலவில்லை. அது பனியில் குத்தி நிற்க, உன் உடம்பு மட்டும் சுழன்றது.

கடைக்காரர் ஓடிவந்தார். குனிந்து முதலில் ஸ்கீயைத்தான் பார்த்தார். அவருடைய பொருள், அவர் பார்த்தார். நுனி பிளந்து, பூட்டு பலகையிலிருந்து பாதி பெயர்ந்திருந்தது. "விழுந்தால் தானாகத் திறக்கவேண்டிய பூட்டு இது. ஏன் திறக்கவில்லை?" என்று ஃப்ராவ் லிண்டே அந்த இடத்திலேயே கேட்டார். கடைக்காரரின் முகம் சிவந்துபோனது. நீ பல்லைக் கடித்துக்கொண்டு, "சண்டை வேண்டாமெண்டு சொல்லு மச்சான்" என்றாய்.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டார்கள். முழங்காலுக்குள் தசைநார் அறுந்திருக்கிறது, வீக்கம் வற்றியதும் ஒப்பரேஷன் செய்யவேண்டும் என்றார் டொக்டர். அதற்குச் சமூக உதவிக் கந்தோரின் அனுமதி வேண்டும். அங்கே இருந்த மனிதர் மரியாதையானவர். எங்களுக்குக் கதிரை தந்தார். உயிருக்கு ஆபத்து என்றால் உடனே செய்யலாம், இது அப்படியல்ல என்றார். "முதலில் உங்கள் அகதி வழக்கு முடியட்டும்" என்று உன் கையைப் பிடித்துக் குலுக்கி அனுப்பினார்.

ஃப்ராவ் லிண்டே விடவில்லை. கடைக்காரரின் காப்புறுதி உன் காலுக்குப் பொறுப்பேற்க வேண்டும் என்று எழுதினார். பதில் வந்த அன்று எங்களைத் தன் குசினிக்குக் கூப்பிட்டு, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விளங்கும்படி மெல்ல மெல்ல வாசித்தார். தனக்கு ஓடத் தெரியும் என்று ஸ்கீ ஓடியவரே சொல்லியிருக்கிறார், பூட்டு அதற்குச் சரியாகவே இறுக்கப்பட்டிருக்கிறது, ஆகவே பொறுப்பில்லை.

"நான் யா எண்டு சொன்னது உண்மைதானே" என்றாய் நீ.

"அவர் என்ன கேட்டவர் எண்டு உனக்கு விளங்கினதே?"

"விளங்கேல்லை. எண்டாலும் சொன்னது நான்தானே."

நீ என்ன சொல்கிறாய் என்று ஃப்ராவ் லிண்டே கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் எழும்பிப் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு எங்களுக்கு முதுகு காட்டி நின்றார். "இது என்னுடைய யோசனை. நான்தான் உங்களைக் கூட்டிப்போனேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

அடுத்த குளிர்காலம் நாங்கள் இருவரும் அந்தக் கடைக்குப் போனோம். நீதான் போகவேண்டும் என்றாய். வாடகை ஸ்கீகளின் வரிசையில் அந்த இடது கால் ஸ்கீ நின்றது. கடைக்காரர் உன்னை அடையாளம் கண்டு, அதைத் தானே எடுத்துவந்து காட்டினார். பிளந்த நுனியை ஒட்டி, தேய்த்து, வர்ணம் பூசியிருந்தார்கள். அந்தச் செலவைக் காப்புறுதி கொடுத்துவிட்டதாம். பூட்டுக்கு உத்தரவாதக் காலம் முடியாதபடியால், செய்த கொம்பனி புதுப் பூட்டு அனுப்பியதாம். பழையதில் பிழை இருந்தது என்று கொம்பனி ஒத்துக்கொள்ளவில்லை. சும்மா ஒரு நல்லெண்ணத்துக்காக அனுப்பியதாம். அவர் ஒளிவுமறைவில்லாமல், கொஞ்சம் சந்தோஷமாகக்கூடச் சொன்னார். நீ குனிந்து ஒட்டின இடத்தை விரலால் தடவினாய்.

"வடிவாத் திருத்தியிருக்கிறாங்கள். பார், கையிலை ஒண்டும் தட்டுப்படேல்லை."

"முழங்கால் எப்படி?" என்று கடைக்காரர் கேட்டார்.

"கூட்" என்றாய், நல்லம் என்று. வெளியே வந்து வாசற்படியில் இறங்க என் தோளைப் பிடித்தாய்.

அதன்பிறகு நடந்ததெல்லாம் ஒரே பக்கமாகவே சரிந்தது. வேலை செய்ய அனுமதி வந்தபோது எனக்கு ஒரு வாசிகசாலையைக் கூட்டித் துடைக்கும் வேலை கிடைத்தது. உனக்கு ஓர் உணவகத்தில் கோப்பை கழுவும் வேலை. நின்றபடி செய்யவேண்டியது. பொழுதுபட முழங்கால் பானை மாதிரி வீங்கிவிடும். இரண்டாம் கிழமையே வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். இருந்து செய்யும் வேலைக்கு மொழி வேண்டும், படிப்பு வேண்டும். ஒப்பரேஷனுக்குத் திரும்பவும் கேட்டோம். இத்தனை காலம் கடந்தபின் பலன் நிச்சயமில்லை என்றார் புது டொக்டர். பிறகு உன் அகதி வழக்கும் தோற்றது.

"மேன்முறையீடு செய்யலாம். ஃப்ராவ் லிண்டே ஆள் பிடிச்சுத் தருவா" என்றேன்.

"செய்து? இந்தக் கட்டிலிலை கிடந்து யன்னலைப் பாக்கிறதோ? அம்மா அங்கை தனிய. அங்கை எண்டால் ஒரு கடையைப் போட்டு இருந்த இடத்திலை இருக்கலாம்."

"அங்கை சண்டை."

"தெரியும்" என்றாய்.

விமான நிலையம்வரை வர எனக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஊர் பஸ் தரிப்பிடம்வரைதான் வந்தேன். ஃப்ராவ் லிண்டே உனக்குப் பின்னிய கழுத்துத்துணி ஒன்று கொண்டுவந்தார். யாழ்ப்பாண வெயிலில் அதை என்ன செய்வாய் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. நீ அதைக் கழுத்தில் சுற்றிக்கொண்டாய். வலது காலை பஸ் படியில் வைத்து, இடது காலைக் கையால் தூக்கி உள்ளே எடுத்தாய்.

கொழும்பில் இருந்த உன் தம்பியின் கடிதம் அந்த ஆண்டு முடியுமுன் வந்தது. சந்தைக்குப் போற வழியிலே வெடிச்சத்தம் கேட்டதாம். எல்லாரும் ஒழுங்கைக்குள் ஓடினவையாம். அண்ணாவாலை ஓட ஏலாமல் போச்சுது என்று எழுதியிருந்தான். அதற்கு மேல் அவன் எழுதவில்லை. செத்தவீடு முடிந்த கையோடு எழுதிய கடிதம் அது.

எனக்கு விசா கிடைத்து, ஹம் நகரப் பக்கம் வந்து, கல்யாணம் செய்து, பிள்ளைகள் பிறந்து, இங்கேயே கிழவனாகியும்விட்டேன். ஏன் எனக்குக் கிடைத்தது, உனக்கு இல்லை என்று யோசித்திருக்கிறேன். இருவருடைய கதையும் ஏறக்குறைய ஒரே கதை. ஒப்பமிட்ட அதிகாரிகள்தான் வேறு.

அந்த மலையடி ஊரை விட்டு வந்த முதல் நத்தார்ப் பண்டிகைக்கு ஃப்ராவ் லிண்டேக்கு ரெலிபோன் எடுத்தேன். எடுத்த எடுப்பிலேயே, "அவர் எப்படி இருக்கிறார்? முழங்கால்?" என்று கேட்டார். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். குழாயைத் திறந்துவிட்டு எங்களுக்கு முதுகு காட்டி நின்ற அந்த மனுஷியிடம் என்னால் சொல்ல முடியவில்லை. கொழும்பில் ஒப்பரேஷன் செய்து சுகமாகிவிட்டது என்றேன். மறுமுனையில் அவர் அழுதார்.

அதற்குப் பிறகு நிறுத்த வழியில்லை. ஒவ்வொரு நத்தாருக்கும் கேட்டார். உனக்கு ரெலிபோனிலேயே ஒரு பலசரக்குக் கடை போட்டுத் தந்தேன். அடுத்து கல்யாணம் செய்துவைத்தேன். பிறகு ஒரு மகள்.

இப்போது அவர் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். அநேகமானவர்களை மறந்துவிட்டார். சிலநேரம் என்னையும் யாரென்று கேட்கிறார். உன்னை மறக்கவில்லை. நேற்றுப் போனபோதும் என் கையைப் பிடித்து, "அவருடைய மகள் இப்போது என்ன செய்கிறாள்?" என்று கேட்டார். ஆசிரியையாக இருக்கிறாள் என்றேன். நல்லது, நல்லது என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அவளுடைய பெயரை அவர் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் சொல்வதற்கு உன் அம்மாவின் பெயரை வைத்திருக்கிறேன்.