தள்ளிப்போன வளைகாப்பு

மதினி, இன்று பீரோவை ஒழுங்குபடுத்தும்போது உங்கள் முழுக்கை ரவிக்கை கைக்கு வந்தது. எங்கள் போடி ஊர் வெயிலில் முழுக்கை! அம்மா அதைப் பிடுங்கி முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். எதையும் மூடிவைப்பதில் எங்கள் வீட்டாரை மிஞ்ச ஆளில்லை.

கர்ப்பத்தின் ஆறாம் மாதத்தில் உங்கள் கைகளில் கருநீலமாய்க் கன்றிய திட்டுகள் வந்தன. எங்கும் இடித்துக்கொண்டதில்லை என்றீர்கள். பல் துலக்கினால் ஈறில் ரத்தம் நிற்காது. உங்கள் பிறந்த வீட்டை நினைத்துத்தான் அப்பா பதறினார்.

"இதப் பாத்தா நம்ம பய அடிச்சான்னுல ராசிங்காபுரத்துக்காரங்க சொல்லுவாங்க?"

நீங்கள் என் காதில் கிசுகிசுத்தீர்கள்: "உங்க அண்ணனா? ஏலக்கா மூடையத் தூக்கவே ரெண்டு ஆளு வேணும். அவரு எங்குட்டு அடிக்க!" வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

வளைகாப்புக்கு உங்கள் வீட்டார் வருவார்கள். வளையல் அடுக்கக் கையை நீட்ட வேண்டும். எங்கள் மேதைகள் வழி கண்டுபிடித்தார்கள். கன்றல் மறையும்வரை, நாள் சரியில்லை என்று தள்ளிப்போடுவது! ஒன்று மங்கினால் இன்னொன்று வந்தது. கடைசியில், மலைக்காற்று நல்லது என்று உங்களை ஜீப்பில் ஏற்றி, குரங்கணிக்கு மேலே எங்கள் ஏலத்தோட்டத்து வீட்டில் விட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்ற என்னிடம் அம்மா, "நாலு புஸ்தகம் படிச்சிட்டா நீ டாக்டரா? ஒஞ் சோலியப் பாருடி" என்றாள். டாக்டர் வெளியே சொல்லிவிட்டால் என்ன செய்வது என்பது அண்ணனின் கவலை.

எட்டாம் மாதமே அங்கே வலி கண்டது. பிள்ளை உயிரில்லாமல் பிறந்தது. உங்களுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை. மதுரையில் சேர்த்த அன்று மாலையே போய்விட்டீர்கள். வெளியே வந்த டாக்டரம்மா சொன்னார்: "ரத்தத்த உறைய வைக்கிற தட்டணு ரொம்பக் கொறஞ்சிருக்கு. கன்றிப்போனப்பவே கூட்டிட்டு வந்திருந்தா ஏதாச்சும் செஞ்சிருக்கலாமே."

அப்பா முன்னால் போய் நின்றார். "அப்ப அடிச்சதுனால வரலன்னு எழுதித் தருவீகளா?"

டாக்டரம்மா அவரைப் பார்த்த பார்வையை நான் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். வீட்டில் அடிக்கடி தேவைப்படுகிறது.

இப்போது எனக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள். போன வாரம் வந்த பெரியவர், "மானம் மருவாதியான குடும்பம்னு ஊரே சொல்லுது" என்றார். அப்பா மீசையைத் தடவிக்கொண்டார்.

காபித் தட்டை வைத்துவிட்டுச் சொன்னேன்: "ஆமாங்கய்யா. அந்த மருவாதிக்குத்தான் எங்க மதினியக் குடுத்தோம்."

காபியைத் தொடாமல் எழுந்து போனார்கள். அடுத்து வருகிறவர்களுக்கும் இதையேதான் சொல்வேன், மதினி.