என் ஹெட்போனில் மட்டும் நீ வைத்த எதிரொலி

எனக்குப் பெண் கொடுத்த வீட்டிலேயே பெண் எடுத்து, பதினெட்டு வருடம் எல்லாப் பந்தியிலும் என் பக்கத்து இலையில் உட்கார்ந்த என் அருமைச் சகலை ஏழுமலைக்கு,

நலமா என்று கேட்டுத்தான் கடிதம் எழுதிப் பழக்கம். உன்னிடம் அதை எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை, அதனால் விட்டுவிடுகிறேன். இங்கே உன் செல்வி நலம், என் கலாவும் நலம். அக்காவும் தங்கையும் பழையபடி சண்டை போட ஆரம்பித்துவிட்டார்கள், அதனால் வீடு தேறிவிட்டது என்று வைத்துக்கொள். நான்தான் பத்து நாளாக உன்னோடு மனதுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். செஞ்சியில் என் விதைக்கடைக்கு மேலே இருக்கும் அறையில் ஏழு வருடம் நாம் இருவரும் ஆட்டோ விளம்பரம் பதிவு செய்தோம். கடைத் திறப்பு, கூழ் ஊற்றும் விழா, காணாமல் போன மாடு, யாராவது தவறிவிட்டால் எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்ற தகவல், எல்லாம் அந்த அறையிலிருந்துதான் ஊருக்குள் போயிற்று. குரல் என்னுடையது, கம்ப்யூட்டர் உன்னுடையது. நீ லேப்டாப்பை ஒரு நாளும் என் பக்கம் திருப்பியதில்லை. நானும் எட்டிப் பார்த்ததில்லை. இப்படிக் குரல் வளம் உள்ளவனுக்கு அந்தத் திருகுற வேலையெல்லாம் எதற்கு என்று ஒரு நினைப்பு.

மாசியில் நீ போய்விட்டாய். பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார் என்று செல்வி சொன்னாள். உன் சாவை ஊருக்குச் சொல்லும் ஆட்டோவுக்கு வெளியூர்க்காரன் ஒருவன் பேசிக் கொடுத்தான். என்னால் பேச முடியவில்லை. முடிந்திருந்தாலும் பதிவு செய்ய ஆள் இல்லை. அன்றோடு அறையைப் பூட்டினேன்.

போன மாதம் செல்வி கடைக்கு வந்தாள். "மாமா, திண்டிவனத்துல ஒருத்தரு பொட்டி, மைக்கு, லேப்டாப்பு எல்லாத்தயும் எடுத்துக்கறேன்றாரு. வர்ற ஞாயித்துக்கெழம வராரு. சும்மாத்தான தூசி புடிச்சுக் கெடக்குது."

மேலே இருந்து அந்தச் சாமான்கள் இறங்கிப் போனால் நீ இரண்டாவது முறை போவாய் என்று எனக்குப் பட்டது. "விக்காத. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"உங்களுக்கு அத ஆன் பண்ணத் தெரியுமா மாமா?"

தராசில் வேர்க்கடலை விதை நிறுத்துக்கொண்டிருந்த கலா முந்திக்கொண்டாள். "அவருக்கு வாஷிங் மெஷினே ஆன் பண்ணத் தெரியாது."

கடைசியில் செல்வி ஒரு கெடு வைத்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரே ஒரு வேலையை நானாக முழுசாக முடித்துக் காட்ட வேண்டும். காட்டினால் விற்க மாட்டாள். வேலையும் தானாக வந்தது. அவலூர்பேட்டையில் புதுப் பாத்திரக்கடை, வெள்ளிக்கிழமை திறப்பு. புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்கிற மாதிரி விளம்பரம் வேண்டும் என்றார்கள்.

திங்கட்கிழமை காலை அறையைத் திறந்தேன். முட்டை அட்டை ஒட்டிய சுவர், ஜன்னலில் ராஜகிரிக் கோட்டை மலை, நாற்காலியில் உன் துண்டு. துண்டை எடுத்து மடித்து வைத்தேன். பிறகு வீராப்பாக லேப்டாப்பைத் திறந்தேன். உன் மிக்சர் சாப்ட்வேர் இங்கிலீஷில் நாலு வரி ஏதோ கேட்டது. கல்யாண வீட்டில் எதைக் கேட்டாலும் தலையாட்டுகிற பழக்கத்தில் சரி என்று அமுக்கிவிட்டேன். நீ வருடக்கணக்காக வைத்திருந்த அமைப்பெல்லாம் அழிந்து, அன்றைக்குத்தான் கடையிலிருந்து வாங்கி வந்தது போல ஆகிவிட்டது.

மைக்கையும் லேப்டாப்பையும் இணைக்கிற அந்தப் பெட்டியில் கண்ணுக்குத் தெரிவது ஒரே ஒரு திருகுதான். மற்றதெல்லாம் சாப்ட்வேருக்குள் ஒளிந்திருக்கிறது என்று எனக்கு யார் சொன்னார்கள்? திரையில் வரிசை வரிசையாக ஏற்றி இறக்கும் கட்டைகள். முதல் இரண்டு மணி நேரம் மைக்கில் சத்தமே வரவில்லை. அதற்கு மின்சாரம் கொடுக்க நாற்பத்தெட்டு என்று ஒரு பொத்தான் திரையின் மூலையில் இருந்தது. அதை அமுக்கிவிட்டு, சந்தோஷத்தில் எல்லாக் கட்டைகளையும் மேலே ஏற்றினேன். ஸ்பீக்கரிலிருந்து வந்த கீச்சில் கீழே விதை வாங்க வந்திருந்த இருவர் வாங்காமலே போய்விட்டார்கள். கலா மாடிப்படியில் நின்று, "இன்னா ஆச்சு, உயிரோடதான் இருக்கறீங்களா?" என்று கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஒருவழியாக ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேசினேன். சகலை, அது என் குரலே இல்லை. மூக்கால் பேசுகிற எவனோ ஒருத்தன். ஜலதோஷம் பிடித்த ஆடு மாதிரி இருந்தது. பயந்துபோய் மிளகுப்பால் குடித்தேன், உப்புத் தண்ணீரில் கொப்பளித்தேன், விழுப்புரம் போய் டாக்டரைப் பார்த்தேன். அவர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தொண்டை நன்றாக இருக்கிறது என்றார். அப்படியானால் பெட்டிதான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டினேன்.

புதன்கிழமை மறுபடி நோண்டியபோது, நீ சேமித்து வைத்திருந்த பழைய அமைப்பு ஒன்று கிடைத்தது. அதற்கு நீ வைத்திருந்த பெயர் 'சகலை சந்தோஷம்'. பெயரைப் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. திறந்தேன், பேசினேன். என் குரல் திரும்பி வந்துவிட்டது. அதே கம்பீரம், அதே கணீர். அழுகையும் சிரிப்புமாக என் பகுதியை ஒரே மூச்சில் பேசி, பென் டிரைவில் போட்டு, ஆட்டோ பச்சையப்பனிடம் கொடுத்து ஓடவிட்டுப் பார்க்கச் சொன்னேன்.

ஆட்டோவின் ஸ்பீக்கர் குழாயில் அந்த ஆடு கத்தியது.

வழக்கம்போல எனக்குக் கோபம் வந்தது. "உன் கொழாய மாத்துய்யா, மனுசன் கொரலக் கெடுக்குது" என்றேன். பச்சையப்பன் ஆட்டோவை அணைத்தார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. ஏழு வருசமா என் கொழாயத் திட்டினு இருக்கறீங்க. நானும் ரெண்டு தபா மாத்திட்டேன். எப்பவும் உங்க கொரலு இதேதாண்ணே."

மாடிக்குப் போய் அந்தத் திரையை முதல் முறையாக நிதானமாகப் பார்த்தேன். உன் சாப்ட்வேரில் சத்தம் போகிற ஒவ்வொரு வழிக்கும் தனித்தனிப் பக்கம் இருக்கிறது. பதிவாகிற பக்கத்தில் என் மைக் சுத்தமாக, ஒன்றும் சேர்க்காமல் இருந்தது. ஹெட்போன் பக்கத்தில்தான் உன் கைவரிசை. அடித்தொண்டை ஏற்றியிருந்தாய், மூக்கை இறக்கியிருந்தாய், மேலே ஓர் எதிரொலி. அந்த எதிரொலிக்குக் கோட்டையில் இருக்கிற கல்யாண மகாலின் பெயரை வைத்திருந்தாய். பேசும்போதும் அதே ஹெட்போன், திருப்பிக் கேட்கும்போதும் அதே ஹெட்போன். ஏழு வருடமாக என் உண்மையான குரலை மேல்மலையனூரிலிருந்து பனமலை வரைக்கும் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். எனக்கு மட்டும்தான் தெரியாது.

எவ்வளவு கோபம் வந்தது தெரியுமா? இந்தக் குரலை நம்பி எத்தனை இடத்தில் நான் மைக்கைப் பிடுங்கிப் பேசியிருக்கிறேன். நம் மாமனார் அறுபதாம் கல்யாணத்தில் முக்கால் மணி நேரம் வாழ்த்துரை வழங்கினேன். முன்வரிசை ஏன் சாப்பிடப் போயிற்று என்று இப்போதுதான் புரிகிறது. நீ மட்டும் கடைசிவரை உட்கார்ந்து கேட்டாய். குற்ற உணர்ச்சியா சகலை?

அப்புறம் முதல் நாள் ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்கு ஹெட்போனில் என் குரலைக் கேட்டுவிட்டு, "எனக்கு வராது சகல, ஆள வுடு" என்று கழற்றி வைத்துவிட்டு விதை நிறுக்கப் போய்விட்டேன். மறுநாள் நீ கடைக்கு வந்து, "பொட்டிலதான் கோளாறு சகல, சரி பண்ணிட்டேன், இப்ப வந்து பேசுங்க" என்றாய். நீ சரி செய்தது பெட்டியை இல்லை. அதோடு என் கோபம் போய்விட்டது. போனது எனக்கே பிடிக்கவில்லை, இன்னும் இரண்டு நாளாவது வைத்திருக்கலாம் என்று இருந்தது.

வியாழக்கிழமை வந்தது. பெண்டாட்டி பகுதி பேச ஆள் வேண்டும். வழக்கமாகப் பேசுகிற தையல்கடைப் பெண் கல்யாணமாகிச் சென்னை போய்விட்டாள். கலாவைக் கேட்டேன், வீட்டில் பேசுவது போதாதா என்றாள். கடைசியில் செல்வியைக் கெஞ்சிக் கூட்டி வந்தேன். உன் நாற்காலியைப் பார்த்ததும் முகம் மாறியது. நேராக மைக் முன்னால் போய் நின்றாள்.

"ஏங்க, இந்தக் குக்கரு எங்க வாங்கினது?" அவ்வளவுதான் வசனம். நாலு முறை சொன்னாள், நாலு முறையும் குரல் உள்ளே போயிற்று. ஹெட்போனைக் கழற்றினாள்.

"எனக்கு வராது மாமா. கேக்கவே சகிக்கல. அவரு கூட எத்தினியோ தபா கூப்ட்டாரு, நாந்தான் வரல. வுட்டுடுங்க, அந்தத் திண்டிவனத்துக்காரரு எடுத்துனு போவட்டும்."

என் கை தானாக லேப்டாப்பை என் பக்கம் திருப்பிக்கொண்டது. "பொட்டிலதான் ஏதோ கோளாறு செல்வி. கீழ போய் மூணு டீ சொல்லிட்டு வா, அதுக்குள்ள சரி பண்றேன்" என்றேன்.

புதன்கிழமையே நான் நிறுத்திவிட்டிருந்த உன் அமைப்பை, டீ வருவதற்குள் அவள் ஹெட்போனுக்கு ஏற்றினேன். பெண் குரலுக்கு அடித்தொண்டை கொஞ்சம் குறைவாக, கல்யாண மகால் கொஞ்சம் தாராளமாக. இதெல்லாம் எனக்கு எப்போது தெரிந்தது என்று எனக்கே ஆச்சரியம். அவள் வந்து மாட்டிக்கொண்டு, அரைமனதாக அந்த வரியைச் சொன்னாள். சொன்னவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"மாமா, இது எங்கொரலா?"

"உன்னுதுதான். வேற யாரு இருக்கறாங்க இங்க?"

அதன் பிறகு நிறுத்த முடியவில்லை. குக்கரைப் பற்றிப் பதினோரு முறை பேசினாள். எழுதாத வசனமெல்லாம் சேர்த்துப் பேசினாள். விளம்பரத்தில் எனக்கு இருந்த வரிகளில் பாதியையும் எடுத்துக்கொண்டாள். மாசிக்குப் பிறகு அவள் சத்தமாகப் பேசி அன்றைக்குத்தான் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை ஆட்டோ அவலூர்பேட்டை போயிற்று. ஞாயிற்றுக்கிழமை திண்டிவனத்துக்காரர் வண்டியோடு வந்தார். செல்வி காபி கொடுத்தாள், "நாங்களே வச்சுக்கறோங்க" என்று வழியனுப்பினாள். அந்த நேரம் பார்த்துப் பச்சையப்பன் விளம்பரத்தை ஓடவிட்டுக்கொண்டே கடைப் பக்கம் வந்தார். செல்வி வாசலில் நின்று முழுசாகக் கேட்டாள். நெற்றி சுருங்கியது.

"பச்சையப்பண்ணே, உங்க கொழாய் சரியில்ல. மாத்துங்க."

பச்சையப்பன் என்னைப் பார்த்தார். நான் ராஜகிரியைப் பார்த்தேன். "சரிம்மா, மாத்திடறேன்" என்றார் அந்தப் புண்ணியவான்.

சகலை, உனக்கு வாக்குக் கொடுக்கிறேன். நீ ஏழு வருடம் வாய் திறக்காமல் இருந்ததுபோல நானும் இருப்பேன். இதை எழுதினாலும் பயமில்லை, நான் எழுதுவதை நம் வீட்டில் யாரும் படிப்பதில்லை. லேப்டாப்பை அவள் பக்கம் திருப்ப மாட்டேன். அந்த அமைப்பை 'செல்வி சந்தோஷம்' என்று தனியாகச் சேமித்து, பென் டிரைவில் ஒரு பிரதியும் எடுத்துக் கடையில் கம்பு விதை டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். என் ஹெட்போனில் ஒன்றும் சேர்க்காமல்தான் இனிப் பேசுவேன், ஊர் கேட்கிற குரலை நானும் கேட்டுக்கொள்கிறேன். அறையைப் பூட்டுவதற்கு முன்னால் மட்டும் உன் பழைய அமைப்பைப் போட்டு, "சகல, நான் கெளம்பறேன்" என்று ஒரு தடவை மைக்கில் சொல்லிவிட்டுப் போகிறேன். நீ கேட்டுப் பழகிய குரலில் இல்லை, எனக்காக நீ செய்து வைத்த குரலில்.

உன்னைப் பதினெட்டு வருடம் நம்பிய, இன்னும் நம்புகிற,
உன் மூத்த சகலை
ரங்கநாதன்
விதைக்கடை மாடி, செஞ்சி