நூற்றுப் பதின்மூன்றாம் பக்கத்திலிருந்து

மே 3, 2018, வியாழன்

காலையில் டிராம் பன்னிரண்டு நிமிடம் தாமதம். ஓட்டியது டெட்லெஃப் இல்லை. தான் ஓட்டினால் தாமதமே ஆகாது என்று என் வீட்டுக்காரர் கல்யாணமான நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆபீஸ் காபி வேளையில் ஆய்வு மாணவன் அன்ஸ்கார் தன் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தை எங்களுக்கு விளக்கினான். ஜூன் முதல் தேதி அவனுக்கு வாய்மொழித் தேர்வு. அவன் ஆராய்வது லிண்டர்ஸ்ரோடா ஊரின் 1662ஆம் ஆண்டு வழக்கேடு; மார்கரேதா க்லோஸ் என்பவளைச் சூனியக்காரி என்று விசாரித்து எரித்த வழக்கு. நாங்கள் பதிப்பிக்கும் அதே ஏடு. நான் எழுத்துக் கோத்த ஏடு.

சுவரில் ஒரு வரைபடம் போட்டான். கோடு பக்கத்துக்குப் பக்கம் துள்ளிக்கொண்டே போய், ஓர் இடத்தில் திடீரென்று படுத்துவிட்டது. "பாருங்க, 113ஆம் பக்கத்துல எழுதற ஆள் மாறிட்டான். கையெழுத்து ஒரே மாதிரிதான் இருக்கும், ரெண்டு பேரும் ஒரே இடத்துல பழகினவங்க. ஆனா 'ஸ்' போடற பழக்கம் காட்டிக் குடுத்துடுச்சு. வாக்குமூலம் 121ல வருது. அதை எழுதினவன் விசாரணையில உக்காந்திருந்த ஆளே இல்ல. பிறகு சேர்த்திருக்காங்க. அவ ஒத்துக்கவே இல்ல!"

பேராசிரியர் ஹாகெடோர்ன் அம்மாள் முதலில் பாராட்டாக மேசையைத் தட்டினார். பிறகு எல்லோரும் விரல் முட்டியால் தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டிவிட்டுக் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

113. அந்த எண் எனக்குத் தெரியும்.

மே 4, வெள்ளி

ஒருவேளை 131ஆக இருக்குமோ? இருக்கட்டும் கடவுளே.

மே 7, திங்கள்

113தான்.

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். இல்லாவிட்டால் நாளைக்கு நானே எனக்கு வேறு கதை சொல்லிக்கொள்வேன்.

வழக்கேட்டின் சொற்களை யாரோ ஒரு பள்ளி ஆசிரியர் தொண்ணூறு வருடத்துக்கு முன்பே தட்டச்சு செய்து வைத்துவிட்டார், ஆனால் இன்றைய எழுத்தில். என் வேலை, ஏட்டின் புகைப்படத்தைப் பார்த்து, லாடெக் என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளில் பழைய ஜெர்மன் எழுத்துகளைத் திரும்ப வைப்பது. உயிரெழுத்தின் தலைமேல் உட்காரும் குட்டி 'எ', அப்புறம் 'ஸ்' ஒலிக்கு இரண்டு எழுத்து: நீளமானது ஒன்று, உருண்டது ஒன்று. சொல்லின் கடைசியில் உருண்டை, மற்ற இடத்தில் நீளம் என்பது பொது வழக்கம். லிண்டர்ஸ்ரோடா எழுத்தர் வழக்கத்துக்குக் கட்டுப்படாத ஆள், தோன்றியதை எழுதுவார். அதனால்தான் ஒவ்வோர் எழுத்தையும் கண்ணால் பார்த்து வை என்று ஹாகெடோர்ன் அம்மாள் படித்துப் படித்துச் சொன்னார்.

112 பக்கம் அப்படித்தான் வைத்தேன், சத்தியமாக. 2015 நவம்பரில் டெட்லெஃபுக்கு நெஞ்சைப் பிளந்து அறுவைச் சிகிச்சை. வருட முடிவுக்குள் மீதி 227 பக்கத்தைக் கொடுத்தாக வேண்டும். நான்கு வரியில் ஒரு கட்டளை எழுதினேன். இனி வழக்கப்படி நீளமும் உருண்டையும் மென்பொருளே பார்த்துப் போட்டுக்கொள்ளும். ஒரு நொடியில் 227 பக்கம் முடிந்தது. பிறகு சரிபார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். டெட்லெஃப் பிழைத்து வந்த சந்தோஷத்தில் மறந்தே போனேன். மறந்தேனா? மறக்க விட்டேன்.

அன்ஸ்கார் வழக்கம் மீறிய எழுத்துகளைப் படத்தில் எண்ணவில்லை, என் கோப்பில் எண்ணியிருக்கிறான். ஏட்டில் பூஞ்சை பிடித்து மூன்று வருடமாகக் குளிர்பெட்டியில் கிடக்கிறது. படத்தில் இருபதாயிரம் எழுத்தை எவன் எண்ணுவான்? "கெர்லிந்தோட கண்ணு இருக்கறப்ப எனக்கென்ன கவலை" என்று அவன் என் காதுபடவே சொல்லியிருக்கிறான்.

அவன் கண்டுபிடித்த அந்த இரண்டாவது எழுத்தர் நான்தான்.

மே 8, செவ்வாய்

கோப்பில் 113ஆம் பக்கத்துக்கு மேலே என் குறிப்பு அப்படியே இருக்கிறது: "இங்கிருந்து தானாக. பிறகு சரிபார்க்கவும். கெ." சதவீதக் குறி போட்டு எழுதியது. அந்தக் குறிக்குப் பின்னால் என்ன எழுதினாலும் மென்பொருள் கண்டுகொள்ளாது, அச்சிலும் வராது. அதனால் அன்ஸ்கார் பார்த்ததில்லை. யாரும் பார்த்ததில்லை.

அழித்துவிட்டேன். ஒரு வரி.

மே 10, வியாழன், விடுமுறை

இன்று ஆண்கள் திருநாள். டெட்லெஃபும் பணிமனைக் கூட்டாளிகளும் கைவண்டியில் பீர்ப் பெட்டியை ஏற்றிக்கொண்டு காட்டுப்பக்கம் போய்விட்டார்கள். நான் தனியாக 118ஆம் பக்கத்தின் படத்தைத் திறந்துவைத்து 'ஸ்' எழுத்துகளை மட்டும் எண்ணினேன். வழக்கத்தை மீறியவை முப்பத்தொன்று. 121இல் பத்தொன்பது.

அதே ஆள். அதே அடங்காப்பிடாரி. வாக்குமூலத்தையும் அவரே உட்கார்ந்து எழுதியிருக்கிறார்.

ஒரு மூலையில் நம்பிக்கை வைத்திருந்தேன், என் கட்டளை தற்செயலாக உண்மையைச் சொல்லியிருக்கும் என்று. அப்படியெல்லாம் நடக்காது.

மே 11, வெள்ளி

தலைவலியோடு சோபாவில் கிடந்த டெட்லெஃபிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

"இதுல யாருக்கு என்ன ஆச்சு? செத்தவ செத்து முன்னூத்தம்பது வருஷமாச்சு."

"அன்ஸ்காருக்குப் பட்டம் போகும். எனக்கு வேலை போகும்."

"சொல்லலேன்னா?"

"ஒண்ணும் ஆகாது. யாருக்கும் தெரியாது."

எழுந்து உட்கார்ந்தார். "இங்க பாரு, தப்பான பக்கத்துக் கதவைத் தொறந்துட்டேன்னு வச்சுக்க. உடனே மைக்குல சொல்லணும். அடுத்த ஸ்டாப்புல சொல்லிக்கலாம்னா, அதுக்குள்ள ஒருத்தன் தண்டவாளத்துல இறங்கியிருப்பான்."

"உனக்காகத்தான் அன்னைக்கு அவசரப்பட்டேன்" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

"என் நெஞ்சு மேல பழியைப் போடாத, கெர்லிந்த். அது ஏற்கனவே தச்சு வச்ச நெஞ்சு."

இருவரும் சிரித்தோம். பிறகு நான் அழுதேன். சாயங்காலம் ஆபீசுக்குப் போய் அழித்த வரியைத் திரும்ப எழுதினேன்.

மே 14, திங்கள்

சைக்கிள் கொட்டகையில் வைத்து அன்ஸ்காரிடம் சொல்லிவிட்டேன். முதலில் சிரித்தான். "நல்லா பயமுறுத்தறீங்க, கெர்லிந்த்." கைப்பேசியில் 118ஆம் பக்கத்தைக் காட்டினேன். அவன் எண்ணியதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பாதியில் நிறுத்திவிட்டான்.

"வேற யாருக்குத் தெரியும்?"

"டெட்லெஃபுக்கு."

"ஆய்வேடு மூணு பேராசிரியர்கிட்ட போயாச்சு. அக்டோபர்ல வர்ற வேலை இந்தப் பட்டத்தை நம்பி. வீட்ல ஃப்ரீடரிக்கேவுக்கு ஜூலையில பிரசவம்." சைக்கிள் பூட்டைத் திறந்தான், மறுபடி பூட்டினான். "நீங்க எதுவும் செய்ய வேணாம். சும்மா இருந்தா போதும். ரெண்டரை வருஷம் சும்மாத்தானே இருந்தீங்க?"

சுருக்கென்று தைத்தது. தைக்கட்டும்.

மே 17, வியாழன்

லிண்டர்ஸ்ரோடா பக்கத்து நாளிதழில் அரைப் பக்கம். "மார்கரேதா ஒப்புக்கொள்ளவில்லை." ஹாகெடோர்ன் அம்மாளின் பேட்டி, அன்ஸ்காரின் வரைபடம். நகர்மன்ற வாசலில் இந்த வாசகத்தோடு பலகை வைக்கப்போகிறார்களாம். ஊர்த்தலைவி தேர்வுக்கே நேரில் வருகிறார்.

எனக்கும் அது உண்மையாக இருக்க வேண்டும் என்றுதான் ஆசை. அவள் கடைசி வரை வாயைத் திறக்கவில்லை என்று நம்பத்தான் ஆசை. அதுதான் கொல்கிறது. பொய் இவ்வளவு நல்லதாக அமைந்திருக்க வேண்டாம்.

மே 24, வியாழன்

பத்து நாளாக அன்ஸ்காரோடு பேச்சில்லை. இன்று அச்சுப்பொறி அருகில் எல்லோர் முன்னிலையிலும், "கொஞ்சம் வழி விடறீங்களா, ஃப்ராவ் ட்ராய்ட்லர்?" என்றான்.

ஆறு வருடம் கெர்லிந்த் என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டவன், இன்று திருமதி போட்டுக் குடும்பப் பெயரால் கூப்பிடுகிறான். எங்கள் ஊரில் ஒருவரை ஒருமுறை பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டால் பிறகு பின்வாங்குவதில்லை. பின்வாங்கினால் முகத்தில் துப்பியதற்குச் சமம். கூட இருந்தவர்கள் காகிதத்தைப் பார்க்கிற மாதிரி நின்றார்கள். மரியாதையால் அடிபட்டு என் இருக்கைக்கு வந்து உட்கார்ந்தேன்.

மே 29, செவ்வாய்

அன்ஸ்காரை வழிமறித்துச் சொன்னேன்: "தேர்வுல கடைசியா, சபையில யாருக்காவது கேள்வி இருக்கான்னு கேப்பாங்க. நீயா சொல்லலேன்னா நான் கேப்பேன்."

"கேக்க மாட்டீங்க."

"ஏன்?"

"முப்பது வருஷ வேலை. உங்களுக்கு அந்த அளவுக்குத் தைரியம் கிடையாது."

அவன் சொல்வது உண்மையா? தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கேள்வியைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். எட்டு முறை எழுதியும் கேள்வியாக வரவில்லை, குற்றச்சாட்டாகத்தான் வந்தது.

ஜூன் 1, வெள்ளி

இரண்டு மணி என்றால் இரண்டேகாலுக்குத் தொடங்குவது பல்கலைக்கழக வழக்கம். அந்தக் கால் மணி நேரத்தில் மூன்று முறை எழுந்து போய்விடப் பார்த்தேன். முன்வரிசையில் ஊர்த்தலைவி. அவருக்குப் பக்கத்தில் ஃப்ரீடரிக்கே, வயிற்றின் மேல் கையை வைத்தபடி.

அன்ஸ்கார் அரை மணி நேரம் பேசினான். நான்காம் அத்தியாயம் வந்தது. வரைபடத்தையும் போட்டான். போட்டே விட்டான். "113ஆம் பக்கத்தில் ஒரு மாற்றம் தெரிகிறது" என்று மட்டும் சொல்லித் தாண்டிப் போனான். பேராசிரியர்கள் கேள்வி கேட்டார்கள். ஒருவருக்கும் சந்தேகம் இல்லை. ஹாகெடோர்ன் அம்மாள் முகமெல்லாம் பூரிப்பு.

"சபையில் யாருக்காவது கேள்வி உண்டா?"

கையைத் தூக்கினேன். தோள் வரைதான் வந்தது, அதற்கு மேல் எழவில்லை. ஆனால் அவன் பார்த்துவிட்டான்.

"அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன்" என்றான். "இந்த வரைபடம் தப்பு. ரெண்டாவது எழுத்தர்னு யாரும் கிடையாது. நான் ஏட்டோட படத்தை எண்ணல, கோப்பை எண்ணினேன். கோப்புல 113லேர்ந்து எழுத்துகளை வச்சது கம்ப்யூட்டர். தப்பு என்னோடது. ரெண்டு வாரமாத் தெரிஞ்சும் சொல்லல, அதுவும் என்னோடதுதான்."

என் பெயரை அவன் சொல்லவே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றேன். "கட்டளையை எழுதினது நான். கண்ணால பார்த்து வச்சதாக் கையெழுத்துப் போட்டுக் குடுத்ததும் நான்."

ஹாகெடோர்ன் அம்மாள் என்னைப் பார்த்த பார்வையை எழுத எனக்குத் தெரியாது.

ஊர்த்தலைவி திரும்பினார். "அப்போ... அவ ஒத்துக்கிட்டாளா?"

"ஒத்துக்கிட்டா" என்றான் அன்ஸ்கார். "மூணாவது தடவை கட்டித் தூக்கினதுக்கப்புறம்."

பேராசிரியர்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு ஐம்பது நிமிடம் பேசினார்கள். தேர்ச்சி, ஆகக் கடைசித் தரத்தில். நான்காம் அத்தியாயத்தை எடுத்துவிட்டு, 113 முதல் ஏட்டின் படத்தோடு ஒத்துப்பார்த்துத் திருத்திப் புத்தகமாக்க வேண்டும். அது வரை டாக்டர் என்று போட்டுக்கொள்ளக் கூடாது. ஒருவரும் மேசையைத் தட்டவில்லை. கொண்டாட வாங்கி வைத்திருந்த ஸெக்ட் ஒயின் பாட்டில்களைத் திறக்காமலே ஃப்ரீடரிக்கே பையில் போட்டுக்கொண்டு போனாள்.

ஜூன் 5, செவ்வாய்

எழுத்துமூல எச்சரிக்கை, என் பணிக் கோப்பில் சேர்ந்துவிட்டது. வேலை போகவில்லை. ஹாகெடோர்ன் அம்மாள் சொன்னது: "உங்களை அனுப்பிட்டா அந்த 227 பக்கத்தை யார் வைக்கறது?"

ஜூலை 20, வெள்ளி

ஃப்ரீடரிக்கேவுக்குப் பெண் குழந்தை. ஆபீஸ் அட்டையில் நானும் கையெழுத்துப் போட்டேன், ஓரமாக.

செப்டம்பர் 19, புதன்

அக்டோபர் வேலை அன்ஸ்காருக்குக் கிடைக்கவில்லை. குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டுப் புதனும் வெள்ளியும் வருகிறான். இன்னமும் ஃப்ராவ் ட்ராய்ட்லர்தான். அவன் படத்தைப் பார்த்து வாசிப்பான், நான் எழுத்தை வைப்பேன். "நீளம், நீளம், உருண்டை. இல்ல, நடுவுலதான் உருண்டை, வைங்க." ஒரு நாளைக்கு ஒன்றரைப் பக்கம் ஓடினால் அதிகம்.

117லிருந்து 120 வரை நான்கு பக்கம், அவளை என்னென்ன செய்தார்கள் என்பது மட்டும். எந்தக் கருவி, எத்தனை முறை, எவ்வளவு நேரம், அவள் என்ன கத்தினாள். எழுத்தெழுத்தாகப் போகும்போது ஒரு சொல்லையும் தாண்டிப் போக முடியாது. முதல் இரண்டு பக்கத்துக்கு மூன்று நாள் ஆயிற்று. மே மாதம் 118இல் எழுத்தை எண்ணியபோதுகூட நான் சொல்லைப் பார்க்கவில்லை. 2015இல் என் கட்டளை இந்த நான்கு பக்கத்தையும் கண்ணிமைப்பதற்குள் கடந்து போயிற்று. நான் ஒரு வரி படித்திருக்கவில்லை. அன்ஸ்காரும் மேலோட்டமாகப் படித்துவிட்டு எண்ணத்தான் எண்ணியிருக்கிறான்.

இன்று 119இன் நடுவில், "மார்கரேதா தண்ணீர் கேட்டாள்" என்ற வரியில் அவன் வாசிப்பு நின்றுவிட்டது. எழுந்து போய் ஜன்னலைத் திறந்தான். கீழே பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் போய்க்கொண்டிருந்தார்கள்.

"இன்னைக்கு இத்தோட நிறுத்திக்கலாமா?"

எனக்கும் நிறுத்தத்தான் ஆசை. "வேண்டாம், அவளுக்குத் தண்ணி குடுத்தாங்களான்னு படி" என்றேன். வந்து உட்கார்ந்து படித்தான்.

கொடுக்கவில்லை.