உப்பங்கழியில் பாதரசம்

மாப்பிள்ளையூரணி
12-8-1946

அத்தானுக்கு,

நர்ஸ் வேலை மேனேஜர் பெண்டாட்டிக்கு இழுக்கு என்றீர்கள். வீட்டைவிட்டு வந்து ஆறு மாதம் கழித்து எழுதும் முதல் கடிதம் இது. சுகமாயிருக்கிறேன். உங்கள் காஸ்டிக் சோடா ஆலையும் சுகந்தானே?

ஆலைக்குப் பின்னால் உப்பங்கழியில் நண்டு பிடிக்கிற சுடலைமாடத்தியை எங்கள் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார்கள். கைகால் மரத்துவிட்டது. நேரே பார்க்கிறாள், பக்கத்தில் நிற்பவர் தெரியவில்லை. ஆலைக்குள் கால் வைக்காதவள். சோடா எடுக்க உபயோகித்து நீங்கள் கழுவி விடுகிற பாதரசம் சேற்றில் தங்கி, புழுவுக்குப் போய், நண்டுக்கும் மடவை மீனுக்கும் ஏறி, தின்கிறவர்களிடம் வருகிறதென்று டாக்டர் வேதமணி சந்தேகப்படுகிறார். ஓதம் வடியும்போது கடலுக்குப் போகிற சேறு ஓதம் ஏறும்போது திரும்பி வருகிறது. கெமிஸ்ட்ரியில் மெடல் வாங்கியவருக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

கிருபாபாய் தேவபிரசாதம்

தூத்துக்குடி
16-8-1946

ஏளா கிருபா,

உன் காகிதத்தைக் கிளப்பில் வாசித்தேன். பொன்னுதுரை அண்ணாச்சிக்குச் சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. புண்ணுக்குக் கட்டுப் போடுகிறவள் கடலுக்கு வைத்தியம் பார்க்கிறாளாம்! எவ்வளவு பெரிய கடல் அது? முத்துக்குளிக்கிறவன் அடிவரை துழாவினாலும் ஒரு சொட்டுப் பாதரசம் அகப்படாது. அந்த ஜனங்கள் கள்ளைக் குடித்துத் தள்ளாடினால் நானா ஜவாப்தாரி?

தேவபிரசாதம்

மாப்பிள்ளையூரணி
2-10-1946

அத்தானுக்கு,

சுடலைமாடத்தி நேற்று இறந்தாள். கடைசியில் பேச்சும் குழறிப்போயிற்று. கள் வாடையே ஆகாதவள். அவள் மகள் முத்துக்கனிக்கு இப்போது டம்ளரைப் பிடிக்க முடியவில்லை.

கழுவுகிற தண்ணீரைக் கழியில் விடாமல் தொட்டி கட்டித் தேக்குங்கள். அதற்கு மெடல் வேண்டாம், கொஞ்சம் வெட்கம் போதும்.

கிருபாபாய் தேவபிரசாதம்

தூத்துக்குடி
9-12-1946

கிருபா,

இறந்தவளுக்காக வருத்தந்தான். அதற்காக ஆலையை நிறுத்துவார்களா? முதலாளிகள் என்னை நிறுத்திவிடுவார்கள். கோபத்தை விட்டுவிட்டுக் கிறிஸ்துமஸுக்கு வந்துவிடு. கோயிலில் எல்லாரும் உன்னைக் கேட்கிறார்கள், எனக்குத் தலைகுனிவாயிருக்கிறது. சாப்பாட்டைப் பற்றிப் பயப்படாதே. கழி மீன் நம் அடுக்களைக்குள் நுழையக்கூடாதென்று சமையற்காரி செண்பகத்திடம் ஈஸ்டரிலிருந்தே சொல்லி வைத்திருக்கிறேன். ஏரலிலிருந்து ஆற்று மீன்தான் வருகிறது.

உன் அத்தான்

மாப்பிள்ளையூரணி
13-12-1946

ஸ்ரீ தேவபிரசாதம் அவர்களுக்கு,

ஈஸ்டரிலிருந்தே! நான் முதல் கடிதம் எழுதுவதற்கு நாலு மாதம் முன்பே!

கிளப்பில் என் கடிதத்தை வாசித்துச் சிரித்தபோதும் உங்கள் தட்டில் ஆற்று மீன். சுடலைமாடத்தியைக் குடிகாரி என்று எழுதிவிட்டு எழுந்துபோய் அதைத்தான் சாப்பிட்டிருப்பீர்கள். இத்தனை நாளும் உங்களை ஒன்றும் தெரியாதவர் என்று ஏளனம் செய்தேன். அது தப்பு. அந்த அளவு மரியாதைகூட உங்களுக்கு அதிகம்.

கிறிஸ்துமஸுக்கு வரமாட்டேன். அதற்குப் பிறகும் வரமாட்டேன். என் சேலைகளைச் செண்பகத்துக்குக் கொடுத்துவிடுங்கள். முத்துக்கனி என்னோடு இருக்கிறாள். நான் ஊட்டினால்தான் அவளுக்குச் சோறு. பசி என்கிறாள், நிறுத்துகிறேன்.

கிருபாபாய்