துரை நேரத்தில் கணித்த ஜாதகம்

அண்ணே,

போன வெள்ளிக்கிழமை பூசைக்குப் போயிருந்தேன். நம் தாமான் குடியிருப்புக் கோயில் வாசலில் புதிதாக ஓர் இரும்புத் துண்டைத் தொங்கவிட்டு, வெள்ளிச் சாயம் பூசி, மாலையும் போட்டிருந்தார்கள். கிட்டே போய்ப் பார்த்த பிறகுதான் அது நம் தோட்டத்துத் தண்டவாளத் துண்டு என்று தெரிந்தது. ஆபீசு வாசலில் பெரட்டுக் களத்தில் தொங்கிக்கொண்டிருந்ததே, அதுதான். விடியுமுன் அதை அடித்தால், ரப்பர்ப் பால் மரம் வெட்டப் போகிறவர்கள் எல்லாரும் வந்து வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டும். தோட்டத்தை அழித்து வீடுகள் கட்டியபோது யாரோ எடுத்து வைத்திருந்து, இப்போது கோயிலுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

தீபாராதனை நேரத்தில் அதை அடித்தார்கள். பக்கத்தில் நின்ற பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நான் கையெடுக்கவில்லை. திருநீறுகூட வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். உங்கள் முதல் திதி வருகிறது. அதற்கு முன்னால் இதைப் பேசிவிட வேண்டும்.

அந்த மணி அடிக்கும்போது பிறந்தவள் நான். அம்மா யாரைப் பார்த்தாலும் அதைச் சொல்லும். "வைகாசிக் கடைசி, பெரட்டு மணி டாங்குன்னு அடிக்குது, இவ கத்துறா." லயத்து வரிசை வீடுகளில் யாருக்கும் கடிகாரம் கிடையாது. மணி அடித்தால் ஐந்து என்று அர்த்தம். பிறந்தவர்களின் நேரமெல்லாம் அப்படித்தான்: மணிக்கு முந்தி, மணிக்குப் பிந்தி, சங்கு ஊதும்போது, துரை கார் வரும்போது. நீங்கள் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டு தானாகவே ஜோதிடம் படித்தீர்கள். லூனாஸிலிருந்து குருண் வரைக்கும் உங்களைத் தேடி வந்தார்கள். பொய் சொல்லாதவர் என்று உங்களுக்குப் பெயர். நானும் அதை நம்பினேன்.

மாரிமுத்துவின் சித்தி வெற்றிலை பாக்கோடு என்னைப் பெண் கேட்டு வந்த நாள் உங்களுக்கு நினைவிருக்கும். தஞ்சோங் டாவாயிலிருந்து கருவாடு கொண்டுவந்து தோட்டம் தோட்டமாக விற்றவர் மாரிமுத்து. மோட்டார் சைக்கிள் லயத்துக்குள் நுழைவதற்கு முன்பே வாசம் நுழைந்துவிடும். மற்றவர்களுக்குக் கிழிந்த தாளில் மடித்துக் கொடுப்பார். எனக்கு மட்டும் முழுப் பத்திரிகைத் தாளில் மடித்துத் தருவார். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் என்று எப்படியோ தெரிந்துகொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. நெத்திலி வாசம் அடிக்கும் அந்தத் தாள்களை அடுப்பங்கரையில் விரித்து வைத்துப் படித்துத்தான் இந்த அளவுக்கு எழுதுகிறேன். உங்களுக்கு இது தெரியாது. இப்போது தெரிந்துகொள்ளுங்கள்.

சித்தியிடம் ஒரு வாரம் பொறுக்கச் சொன்னீர்கள். என் ஜாதகத்தைப் போட்டீர்கள். அடுப்படியில் வந்து குந்தி உட்கார்ந்து, விறகைத் தள்ளிவிட்டுக்கொண்டே சொன்னீர்கள்.

"எட்டுல செவ்வாய் நிக்குது, புள்ள. கட்டுனவன் தங்க மாட்டான். சொல்லாம இருந்திருக்கலாம். ஆனா, வரப்போறது தெரிஞ்சாத்தான் மனுசன் தயாரா இருக்க முடியும். முடிவு ஒன்னோடது."

முடிவு என்னுடையது. அந்தச் சொல்லைத்தான் நான் இத்தனை காலமும் பெருமையாக வைத்திருந்தேன். நீங்கள் தடுக்கவில்லை, அம்மா அழுது தடுக்கவில்லை. நானே எழுந்து போய், மோட்டார் சைக்கிளில் கருவாட்டுக் கூடையைக் கட்டிக்கொண்டிருந்தவரிடம் முடியாது என்று சொன்னேன். காரணத்தையும் சொன்னேன். அவர் சிரித்தார்.

"எங்கப்பா தினம் கடலுக்குப் போறாரு. அவரையே ஒன்னும் பண்ணல. கருவாடு விக்கிற என்னையா செவ்வாய் தேடி வரப்போவுது?"

நான் சிரிக்கவில்லை. நான் எடுத்த முடிவு எடுத்ததுதான். உங்களுக்கே தெரியும், தங்கச்சியைத் திருப்புவதைவிட ஆற்றைத் திருப்பலாம் என்று நீங்களே சொல்வீர்கள். அவர் சில வருடம் வரைக்கும் வந்துகொண்டிருந்தார். முழுத் தாளில்தான் மடித்துக் கொடுத்தார். பிறகு வேறு இடத்தில் பெண் பார்த்தார்கள் என்று கேள்விப்பட்டேன். அதற்குள் அண்ணியும் பிரசவத்தில் போய்விட்டது. உங்கள் பெண் மீனாவும் அந்தக் கைக்குழந்தையும் என் மடிக்கு வந்தார்கள். அதே தோஷம் உள்ள மாப்பிள்ளையாகத் தேடிப் பார்க்கலாம் என்று ஒருநாள் சொன்னீர்கள். தேடவில்லை. நானும் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று எனக்கு மிச்சம் இருந்தது. சுங்கைப் பட்டாணி மார்க்கெட்டில், கோயில் திருவிழாவில் என்று எங்கேயாவது மாரிமுத்துவைப் பார்ப்போம். வயிறு வைத்து, தலை நரைத்து, பெண்டாட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டு வருவார். நீங்கள் என் காதருகே குனிந்து சொல்வீர்கள், "பாரு, குத்துக்கல்லாட்டம் இருக்கான். அது நீ குடுத்த உசுரு." எனக்கு நெஞ்சு நிறைந்துவிடும். எனக்குப் புருசன் இல்லை, பிள்ளை இல்லை. ஆனால் ஒரு மனிதனை உயிரோடு நடக்க விட்டிருக்கிறேன். ஆயுசு முழுவதும் நான் சாப்பிட்டது அந்தப் பெருமையைத்தான் அண்ணே. வேறு எதுவும் இல்லை.

உங்கள் கருமாதி அன்று பந்தி முடிந்து, பாப்பாத்தி அக்கா வெற்றிலை மென்றுகொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தது. பழைய லயத்தில் நமக்கு எதிர்வீடு. உங்களைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்தது.

"அவரு மாதிரி இனிமே யாரு ஜாதகம் பாப்பாங்க? என் மக சாந்தி பொறந்தப்ப, பெரட்டு மணி அடிக்கையில பொறந்தான்னு போய்ச் சொன்னேன். 'அது துரை நேரம் அக்கா, அரை மணி முந்தி ஓடுது, அதைக் கழிச்சிட்டுத்தான் கணக்குப் போடணும்'னு சொன்னாரு. அவ்ளோ நுணுக்கம்."

நான் வெற்றிலைத் தட்டை நகர்த்தி வைத்தேன். துரை நேரம் எனக்கும் தெரியும். வெயில் ஏறுமுன் பால் இறங்கட்டும் என்று, ஆபீசு கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளி வைத்திருந்தார்கள். லயத்துக்கு முதல் ரேடியோ வந்தபோது எல்லாரும் அதைக் கேட்டுச் சிரித்தோம்: வெளியே ஒரு நேரம், நமக்கு ஒரு நேரம். ஆனால் பிள்ளை பிறந்த நேரத்தை எந்த நேரத்தில் சொல்லி வைத்தோம் என்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. அதை நினைக்க வேண்டியவர் ஒருவர்தான். நினைத்தும் இருக்கிறீர்கள்.

சாந்தி பிறந்தபோது மாரிமுத்துவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. எனக்கு நன்றாகத் தெரியும். சாந்திக்குப் பேர் வைத்த விருந்துக்கு அவர்தான் மீன் கொண்டுவந்தார். "எங்களுக்கு எப்ப கல்யாணச் சாப்பாடு?" என்று பாப்பாத்தி அக்கா அவரைச் சீண்டியது. அவர் என் பக்கம் திரும்பாமல் இருக்கப் பட்ட பாடு இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

இன்னொன்றும் அந்தக் கருமாதி வீட்டில்தான் ஞாபகம் வந்தது. அதே காலத்தில் ஒருநாள் சாயங்காலம் நீங்கள் அம்மாவிடம் வந்து, நான் பிறந்தது மணி அடிக்கும்போதா, அடித்து முடிந்த பிறகா என்று கேட்டீர்கள். "அடிக்கையிலதான். எத்தன தடவ கேப்ப?" என்று அம்மா எரிந்து விழுந்தது. நீங்கள் வெளியே போனீர்கள். திரும்பி வந்து, வயிறு சரியில்லை, சோறு வேண்டாம் என்றீர்கள். நான்தான் உங்களுக்குக் கஞ்சி காய்ச்சினேன். உள்ளே மீனா தம்பியை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். அவளே அப்போது சின்னப் பிள்ளை. நீங்கள் கஞ்சியைக் குடித்துக்கொண்டே அந்தப் பிள்ளைகளைப் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்தீர்கள். உங்களுக்கு உடம்புக்கு ஆகவில்லை என்று நான் நினைத்தேன்.

அன்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். கணக்கில் பிசகு, தங்கச்சி. அவ்வளவுதான். நான் போயிருப்பேனோ, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பேனோ, தெரியாது. இருந்திருக்கவும் கூடும். ஆனால் அப்போது அது உண்மையிலேயே என் முடிவாக இருந்திருக்கும்.

நம் வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் உங்களிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: வரப்போவதைத் தெரிந்துகொள்வது நல்லதா? நீங்களும் ஒரே பதிலைத்தான் சொன்னீர்கள், தயாராக இருக்கலாம் என்று. இந்த ஒரு வருடமாக நானும் யோசித்துப் பார்க்கிறேன். தெரிந்துகொள்வதில் எனக்குப் பயம் கிடையாது, அன்றும் கிடையாது. கெட்டது வரும் என்று சொன்னால் தலைநிமிர்ந்து கேட்கிறவள் நான். ஆனால் ஒரு மனுசிக்கு வருங்காலத்தைச் சொல்கிறவன், அது தப்பு என்று தெரிந்த நிமிசம் ஓடி வந்து சொல்ல வேண்டும். அதற்கு முதுகெலும்பு இல்லாதவன் பஞ்சாங்கத்தைத் தொடக் கூடாது. கிரகம் எனக்கு ஒன்றும் செய்யவில்லை அண்ணே. அது அதன் இடத்தில்தான் நின்றது.

கருமாதிக்கு மாரிமுத்துவும் வந்திருந்தார். மோர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "ஒங்க அண்ணன் கணக்குப்படி நான் எப்பவோ போயிருக்கணும். பாருங்க, அவருக்கே நான் வந்து சாப்பிட்டுட்டுப் போறேன்" என்றார். அவர் பெண்டாட்டி அவர் தோளில் அடித்தது. நான் இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினேன். அரை மணியைப் பற்றி நான் அவரிடம் சொல்லவில்லை. நான் விட்டுக்கொடுத்ததால்தான் அந்த உயிர் இருக்கிறது என்று அதுவரை நினைத்திருந்தேன். என் தயவு இல்லாமலே இருந்திருக்கிறது. நல்லது, இருக்கட்டும். ஆனால் என்னிடம் இருந்த ஒரே பெருமையையும் நீங்கள் போகும்போது எடுத்துக்கொண்டு போய்விட்டீர்கள்.

கோயிலிலிருந்து வந்த அன்று மீனாவிடம் துரை நேரத்தைப் பற்றிப் பேச்சுவாக்கில் சொன்னேன். அவள் உடனே போனில் ஜாதகம் பார்ப்பதைத் திறந்தாள். "ஒங்க நேரத்துல அரை மணி கழிச்சிப் போட்டுப் பார்ப்போம்லா, அத்தை." ராசிக் கட்டம் வந்தது. லக்கினம் ரிஷபத்திலிருந்து மேஷத்துக்கு மாறியிருந்தது. செவ்வாய் எட்டிலிருந்து ஒன்பதுக்குப் போய்விட்டது. நீங்கள் ஒரு வாரம் எடுத்துக்கொண்ட கணக்கை அது கண்மூடித் திறப்பதற்குள் போட்டது.

"ஒங்களுக்குத் தோசமே இல்ல அத்தை," என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "அப்ப நீங்க ஏன் கல்யாணம் கட்டல?"

அவளுக்குப் பேரப்பிள்ளை எடுக்கும் வயது. அந்தக் கேள்விக்குப் பதில் அவள்தான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? மாப்பிள்ளை அமையவில்லை என்றேன். நீங்கள் அங்கிருந்து சிரிக்க வேண்டாம். நான் அவளிடம் மறைத்தது நடந்து முடிந்ததை. நீங்கள் என்னிடம் மறைத்தது நடந்திருக்க வேண்டியதை. இரண்டும் ஒன்றாகாது.

"இனிமே வர்றதையும் இதுல பாக்கலாம் அத்தை. பாக்கவா?"

"மூடி வை," என்றேன்.

திதிக்கு எல்லாம் செய்வேன். உங்களுக்குப் பிடித்த நெத்திலிப் பொரியலும் படையலில் இருக்கும். இலை போட்டுக் கும்பிடுவேன். அது தங்கச்சியின் கடமை. மன்னித்துவிட்டேன் என்று மட்டும் நினைத்துக்கொள்ளாதீர்கள்.

உடம்பு இன்னும் துரை நேரத்தில்தான் விழிக்கிறது. தாமானே தூங்கும். மீனா எழுந்து கோப்பி கேட்க இன்னும் அரை மணி இருக்கும். முன்பெல்லாம் அந்த நேரத்தில் வீட்டைக் கூட்டுவேன், அரிசி களைவேன். இப்போது ஒன்றும் செய்வதில்லை. விளக்கைப் போட்டுக்கொண்டு, முழுத் தாளாக ஒரு பத்திரிகையை விரித்துப் படிக்கிறேன். அந்த அரை மணியை யாருக்கும் தருவதாக இல்லை.